ஜோயா அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

அக்டோபர் 17, 2006, செவ்வாய்

காலையில் சந்தைக்குப் போய் வெங்காயத்தாள் மாதிரி தடித்த லீக்ஸ் வாங்கி வந்தேன். ஒவ்வொரு இதழாகப் பிரித்து மண் போகக் கழுவுவதற்குள் முதுகு விட்டுப்போயிற்று. வடைக்காக வேகவைத்துப் பிழிந்துகொண்டிருக்கும்போது தொலைபேசி. அந்தக் காலத்து அண்டை வீட்டுக்காரி ஜோயா அக்காவின் மகன் விட்டாலி.

"லூனா சித்தி, கொஞ்சம் வர முடியுமா? அம்மா காலையிலேர்ந்து என்னமோ கேட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்கும் புரியலை, நெலிக்கும் புரியலை. கோவம் வேற வருது அவங்களுக்கு."

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஜோயா அக்காவைப் போன வாரம்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலது கை எழும்பவில்லை. பேச்சு மட்டும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் வந்தது முழுக்க நம் பேச்சு, இங்கே யூதக் குடும்பங்கள் வீட்டுக்குள் பேசுகிற பழைய ஸ்பானியம். துருக்கிய மொழி துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. கொஞ்சநஞ்சம் இருந்த பிரெஞ்சும் போய்விட்டது. பிறகு கற்றது முதலில் போய்விடுமாம், அம்மா மடியில் கற்றது தங்கிவிடுமாம். சில பேருக்கு அப்படி ஆவதுண்டு என்று டாக்டர் சொன்னாராம்.

அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். கட்டில் பக்கத்தில் மருமகள் நெலி சூப் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள், அழுத முகம். நல்ல பெண். இஸ்தான்புல்லில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நம் பேச்சு அவள் வீட்டிலும் நுழைந்ததில்லை.

என்னைக் கண்டதும் ஜோயா அக்கா தலையைத் தூக்கினாள். "அப்பாடா, ஒரு மனுஷி வந்தா! அடி லூனா, இந்த சூப்பை ஒரு வாய் குடிச்சுப் பாரு. கடல்ல முங்கி எழுந்த நாயோட வால்ல இதைவிட உப்பு இருக்கும்."

விட்டாலி என் வாயையே பார்த்தான். "என்ன சொல்றாங்க சித்தி?"

"சூப் நல்லா இருக்காம். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தா தேவலைங்கிறாங்க."

நெலியின் முகம் தெளிந்தது. "அவ்வளவுதானா! டாக்டர் உப்பு கூடாதுன்னுட்டாரு. எலுமிச்சை பிழிஞ்சு தரேன்னு சொல்லுங்க."

சொன்னேன். "நாயைக் குளிப்பாட்டித் தரப் போறாளாக்கும்" என்றாள் அக்கா. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வடை தட்டும்போது தனியாகச் சிரித்தேன்.

அக்டோபர் 18

இன்றும் கூப்பிட்டார்கள். இன்று புகார் தலையணை மேல்.

அக்டோபர் 26

இனிமேல் தினமும் மத்தியானம் போய்ச் சாயங்காலம் வரை இருப்பது என்று ஆகிவிட்டது. எனக்கென்ன வேலை? மருந்துக்கடையை விட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று, என் வீட்டுக்காரர் மோரிஸும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் டொராண்டோவில். வியாழக்கிழமை தவறாமல் பேசுகிறாள், துருக்கிய மொழியில். பேரன் அதுவும் இல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு ஹலோ சொல்வதோடு சரி.

நாங்கள் யாருமே பிள்ளைகளுக்கு நம் பேச்சைக் கொடுக்கவில்லை. அவர்களுக்குத் தெரியக்கூடாத விஷயங்களுக்காகவே அதை வைத்துக்கொண்டோம். யாருக்கு என்ன நோய், யார் யாரோடு சண்டை, பண்டிகைக்கு என்ன வாங்கி ஒளித்து வைத்திருக்கிறோம், எல்லாம் அதில்தான். பிள்ளைகளுக்கு அது கதவு சாத்துகிற சத்தம் மாதிரி.

ஆனால் விட்டாலி விஷயம் வேறு. அது அக்காவின் கணவர், காலமான நெசிம் போட்ட சட்டம்.

விட்டாலிக்கு இரண்டு வயது இருக்கும். இஸ்மீர் வளைகுடாவைக் கடக்கிற படகில் மூன்று பேரும் போகிறார்கள். அக்கா குழந்தைக்கு ஏதோ பாடிக்கொண்டிருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒருவன், கழுத்துப்பட்டையெல்லாம் கட்டினவன், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னானாம்: "இந்த நாட்டுச் சோத்தைத் தின்னுட்டு இது என்ன பாஷை?" நெசிம் எழுந்து நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாராம். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "என் பையன் இப்படி எவன் முன்னாடியும் தொப்பியைக் கழட்டக் கூடாது. இனிமே அவன்கிட்ட துருக்கியம்தான்."

அக்கா மறுநாள் முற்றத்துக் குழாயடியில் இதை என்னிடம் சொன்னாள். "ஐநூறு வருஷம் முன்னாடி நம்மவங்களை ஸ்பெயின்லேர்ந்து துரத்தி விட்டப்போ கொண்டுவந்தது இது ஒண்ணுதான். அதையும் பரண்ல போடுங்கிறார்."

நெசிம் கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் கஷ்டம்.

அவளுக்குத் துருக்கிய மொழி சரியாக வராது. பன்னிரண்டு வயதில் அத்திப்பழக் கிடங்கில் வேலைக்குப் போனவள். ஆண்பால் பெண்பாலை மாற்றிப் பேசுகிறாள் என்று சிரிக்க அந்த மொழியில் ஆண்பாலும் பெண்பாலும் இல்லை, ஆனாலும் சிரிப்பதற்கு வேறு எத்தனையோ கிடைத்தது ஜனங்களுக்கு. அதனால் பையனிடம் கொஞ்சமாகப் பேசினாள். சாப்பிடு, தூங்கு, ஸ்வெட்டர் போடு. பள்ளிக்கூட வாசலில் நின்றால் வாயையே திறக்க மாட்டாள்.

கராதாஷ் பேட்டையில் நாங்கள் அப்போது குடியிருந்த முற்றத்து வீட்டில் இருந்த எல்லோரையும் சிரிக்க வைத்தவள் இவள். அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் ஒரே குழாய். பிரார்த்தனை நடத்துகிற ரபி நடப்பது மாதிரி நடப்பாள், மருத்துவச்சி மூச்சு வாங்குவது மாதிரி வாங்குவாள். ஒருமுறை சிரித்துச் சிரித்து என் கையிலிருந்த குடத்தைப் போட்டு உடைத்தேன். விட்டாலிக்கு இவளைத் தெரியாது. அவனுக்கு அம்மா என்றால் அதிகம் பேசாதவள்.

இப்போது நிறுத்தாமல் பேசுகிறாள். அவனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

நவம்பர் 5

விட்டாலி கடையிலிருந்து வந்து எப்போதும் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வந்தியா நெசிம்? ஷூவைக் கழட்டுன்னு எத்தனை வாட்டி சொல்றது. தரையை யாரு தேய்க்கறது, உங்கம்மாவா?"

"களைப்பா இருக்கியான்னு கேக்கறாங்க" என்றேன்.

அவன் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான். "நெசிம்னு சொன்னது காதுல விழுந்துச்சு சித்தி. அப்பான்னு நெனைக்கறாங்க, இல்ல?"

"சாயங்கால நேரம். வெளிச்சம் கம்மி."

"நான் அப்பா மாதிரியா இருக்கேன்?"

இருக்கிறான். வயிறு மட்டும்தான் அவன் சொந்தம்.

நவம்பர் 9

மகள் பேசினாள். அங்கே பனி கொட்டுகிறதாம். "குரல் நல்லாருக்கும்மா, ரொம்ப நாளைக்கப்புறம்" என்றாள். அப்படியா இருக்கிறது?

நவம்பர் 19, ஞாயிறு

இன்று அக்கா நல்ல தெம்பில் இருந்தாள். கிடங்கைப் பற்றிச் சொன்னாள். அத்திப்பழத்தை விரலால் அமுக்கித் தட்டையாக்கிப் பெட்டியில் அடுக்க வேண்டும், அடுக்குகிற பெண்கள் தின்றுவிடக் கூடாது என்று மேஸ்திரி எல்லோரையும் பாடச் சொல்வானாம், பாடுகிற வாயால் தின்ன முடியாதல்லவா. "நாங்க முறை போட்டுப் பாடுவோம். பத்துப் பேர் கத்துவாங்க, ரெண்டு பேர் முழுங்குவோம்."

அப்புறம் யுத்த சமயத்தில் நம்மவர்கள் மேல் தாங்க முடியாத வரி போட்ட வருஷம். அவள் அப்பாவின் கடையை ஏலம் விட்டார்கள், பிறகு வீட்டுக்கு வந்து கட்டில்களையும் எடுத்துப் போனார்கள். அவள் அம்மா தரையில் பாய் விரித்து, "இனிமே யாரும் கட்டில்லேர்ந்து விழ மாட்டீங்க" என்றாளாம். பிறகு தங்கை ராஷெல் நாட்டை விட்டுக் கப்பலேறியது. துறைமுகத்தில் கைக்குட்டை ஆட்டினது தங்கைதானா வேறு யாரோவா என்று கடைசி வரை தெரியவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாருக்கும் ஆட்டினேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எல்லாம் எனக்குத் தெரிந்த கதைகள்தான், நூறு முறை கேட்டது. விட்டாலியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், நாற்காலி நுனியில்.

"என்ன சொன்னாங்க?"

"பழைய கதை. சின்ன வயசு."

அவன் சிரித்தான். ஆனால் உதடு மட்டும்தான். "அரை மணி நேரம் பேசினாங்க சித்தி. நீங்க எனக்கு ரெண்டு வார்த்தை குடுக்கறீங்க."

வழியெல்லாம் அதுவே ஓடியது. ஏன் அப்படிச் செய்கிறேன்? வலிக்கக் கூடாது என்றுதான், ஆரம்பத்தில். நெலி அழக் கூடாது, அவன் நோகக் கூடாது. ஆனால் அத்திப்பழத்தில் என்ன வலி இருக்கிறது? அதை ஏன் சொல்லவில்லை?

எனக்கே எனக்கு என்று வைத்துக்கொண்டேனா?

டிசம்பர் 17

ஹனுக்கா பண்டிகையின் மூன்றாம் நாள் விளக்கு. ஏற்றும்போது நெலி இல்லை. காலையில் அக்காவைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போகும்போது இரண்டு பேரும் சரிந்து விழுந்தார்களாம். அக்காவுக்கு ஒன்றுமில்லை, அடியில் கிடந்தது நெலி. இடுப்பு பிடித்து எழுந்திருக்க முடியவில்லை. விட்டாலி இந்த அறைக்கும் அந்த அறைக்கும் ஓடிக்கொண்டிருந்தான். எண்ணெயில் பொரித்ததை யாரும் தொடவில்லை.

"அந்தப் பொண்ணு மேல விழுந்துட்டேன்டி" என்றாள் அக்கா என்னிடம், மெதுவாக. "மெத்தை மாதிரி இருந்துச்சு. பாவம், மெத்தைக்கு எலும்பு இருக்கே."

இதையும் சொல்லவில்லை.

ஜனவரி 14, 2007

விட்டாலி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். அம்மாவுக்குப் புரியாது என்று தெரிந்தும் சாத்தினான்.

இஸ்தான்புல்லில் நம்மவர்களின் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. இடம் கிடைக்குமாம். வசந்தத்தில் பெசாஹ் பண்டிகை முடிந்து அனுப்பலாம். ராத்திரி பகல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், கடல் தெரிகிற ஜன்னல். நெலியின் அண்ணன் வீடு பக்கம்தான்.

"அங்க நம்ம பாட்டிங்க நிறைய பேரு அந்தப் பேச்சுதான் பேசறாங்களாம் சித்தி. ஆனா அம்மா வேண்டாம்னா வேண்டாம். கட்டாயப்படுத்த மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்கதான் கேட்டுச் சொல்லணும். அவங்க வாயால வரணும்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

ஜனவரி 16

அவள் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன்?

எழுதிவிட்டேன். எழுதினதைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நிஜம். பெர்லா போன வருஷம் போனாள், அவளுக்கு முன்னால் மதாம் அஸ்ஸேயோ. கல்லறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள் நம் பேச்சுக்கு. மண்ணுக்கு மேலே ஜோயா அக்கா ஒருத்திதான்.

ஒரு வார்த்தை போதும். வேண்டாம் என்கிறாள் என்று நான் சொன்னால் முடிந்தது. அந்த அறையில் யாருக்குத் தெரியப் போகிறது? அவளே வேண்டாம் என்றுதான் சொல்வாள். சொல்வாள். அவள் மகனின் வீடு இது. யார்தான் போகிறேன் என்பார்கள்?

ஜனவரி 21, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

நெலியும் வந்து உட்கார்ந்திருந்தாள், முதுகுக்குத் தலையணை வைத்து. விட்டாலி ஷூவைக் கழற்றியிருந்தான். நான் கட்டிலோரம். கேட்டேன். அக்கா இன்று தெளிவாக இருந்தாள், அவன் யார் என்று தெரிந்தது.

"அங்க யாரு இருக்கா?"

"நம்ம பொம்பளைங்க. நம்ம பேச்சு பேசறவங்க."

"சீட்டாடுவாங்களா?"

"ஆடுவாங்களாம்."

"ஏமாத்துவாங்களா?"

"தெரியாது அக்கா."

ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, என்னைத்தான், பேசினாள். பேசி முடித்ததும் மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். வேண்டாம் என்ற வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அந்த இடது கையால் போர்வை நுனியை நீவிக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவள் சொன்னதைத்தான் நான் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், இத்தனை மாதமாக.

அப்படியே சொன்னேன். முதல் தடவையாக, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.

"'போறேன்னு சொல்லு. இந்த நெலி தங்கமான பொண்ணு, ஆனா என்னைத் தூக்கித் தூக்கி எனக்கு முன்னாடி அவ போய்ச் சேர்ந்துடுவா. அவ போயிட்டா எனக்கு யாரு சூப் வைப்பா? அது சூப்னு யாரும் சொல்ல மாட்டாங்கதான். என் பையன் தினம் வந்து எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நாற்காலி நுனியில உக்காந்துட்டுப் போறான். நான் இன்னும் சாகலைன்னு அவன்கிட்ட யாராவது சொல்லுங்க. அவனுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வேணும். உனக்கும்தான் லூனா. மோரிஸ் போனதுலேர்ந்து உன் வீட்டு அடுப்பு எரியுதான்னே தெரியலை. நீ என் வாயா இருக்கறதுக்கா பொறந்தே? போறேன். சீட்டுல ஏமாத்தினாங்கன்னா திரும்பி வந்துடுவேன்.'"

முதலில் சிரித்தது நெலி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஐயோ ஐயோ என்று வலியோடு சிரித்தாள். "சித்தி, நிஜத்தைச் சொல்லுங்க. அன்னைக்கு சூப்பைப் பத்தி என்ன சொன்னாங்க?"

சொன்னேன். நாய், வால், கடல், பிறகு எலுமிச்சை எல்லாம். நெலிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சிரிப்பதைப் பார்த்து அக்காவும் வாய் கோணச் சிரித்தாள். "என்னடி சொன்னே அவகிட்ட? கடைசியில இவளுக்கும் சிரிக்கத் தெரியுமா!"

விட்டாலி சிரிக்கவில்லை. என்னைப் படி வரை கொண்டுவிட வந்தான். கொஞ்ச நேரத்தில் தானே அணைகிற படி விளக்கின் பொத்தானை அழுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

"எங்கம்மா தமாஷ் பண்ணுவாங்களா சித்தி?"

"கராதாஷ்லயே உங்கம்மா மாதிரி யாரும் கிடையாதுடா."

"எனக்கு அம்பத்தி நாலு வயசு." அவ்வளவுதான் சொன்னான். விளக்கு அணைந்துவிட்டது. மறுபடி அழுத்தினான்.

ஜனவரி 23

இனிமேல் அவன் நிபந்தனை: "சர்க்கரை போடாதீங்க சித்தி. திட்டினா திட்டினதையே சொல்லுங்க." நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டான். அத்திப்பழக் கிடங்கு, கட்டில் ஏலம், ராஷெலின் கைக்குட்டை, எல்லாவற்றையும் அக்காவை மறுபடி சொல்ல வைத்தேன். கைக்குட்டையில் அவன் எழுந்து சமையலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

பிப்ரவரி 11

இன்று நெசிம் வந்துவிட்டார்.

சாயங்காலம் விட்டாலி உள்ளே நுழைந்ததுமே அக்காவின் முகம் மாறியது. வேறு நாளாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவன் உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றான்.

"நெசிம், கேளு. நீ நல்லவன்தான், உன்னைக் குத்தம் சொல்லலை. ஆனா என் வாயை நீ பூட்டிட்டே. பிள்ளைக்குத் தட்டம்மை போட்டிருந்துச்சே, காய்ச்சல் அனலா அடிச்சுதே, அப்ப அவனுக்கு என்ன சொல்லித் தேத்தணும்னு எனக்குத் தெரியும். எங்கம்மா எனக்குச் சொன்னதெல்லாம் நாக்கு நுனியில வந்து நிக்குது. பக்கத்து அறையில நீ இருக்கே. நான் அவன் காலைப் பிடிச்சுவிட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன். துருக்கியத்துல அந்த வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியலையே. என் பிள்ளை என்னை ஊமைன்னு நெனச்சே வளர்ந்துட்டான்."

ஒரு சொல் விடாமல் சொன்னேன். விட்டாலி தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கால் பிடிச்சுவிட்டது ஞாபகம் இருக்கு" என்றான். பிறகு, "சித்தி, அவங்ககிட்ட சொல்லுங்க. நெசிம் சொல்றாருன்னு சொல்லுங்க. தப்புதான்னு. பயந்துட்டேன்னு."

"விட்டாலி—"

"சொல்லுங்க சித்தி."

சொன்னேன். நெசிமின் பெயரால், நெசிமின் மகனுக்காக. செத்துப்போன மனுஷனுக்கு வாய் கொடுப்பது பாவமா? தெரியவில்லை. அவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். "நீ பயந்தது எனக்குத் தெரியாதா? உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். கையைக் குடு."

கொடுத்தான். வாங்கி விரலை மடக்கிப் பார்த்தாள். "என்ன இவ்வளவு மெத்துன்னு இருக்கு? கடையில வேலையே செய்யறது இல்லையா?"

அதையும் சொன்னேன். அழுகிறானா சிரிக்கிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கையை மட்டும் அவன் எடுக்கவில்லை. நான் சமையலறைக்குப் போய் நெலியோடு உட்கார்ந்துகொண்டேன். உள்ளே அக்கா பேசிக்கொண்டிருந்தாள், அவனும் இடையிடையே துருக்கிய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நெலி என்னைப் பார்த்தாள். உள்ளே போக வேண்டாம் என்று தலையசைத்தேன்.

ஏப்ரல் 2, திங்கள்

பெசாஹ் முதல் ராத்திரி விருந்து அவர்கள் வீட்டில். அக்காவை மேஜைத் தலைமாட்டில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தோம். பிரார்த்தனைப் புத்தகத்தில் நம் பேச்சில் இருக்கிற பகுதியை விட்டாலி உரக்க வாசித்தான். வருஷா வருஷம் அர்த்தம் தெரியாமல் வாசிப்பதுதான். இந்த வருஷம் ஒவ்வொரு வரிக்கும் அக்கா திருத்தினாள். "ஆட்டை முழுங்கின மாதிரி வாசிக்கறான், மென்னு வாசிக்கச் சொல்லு." மென்று வாசித்தான்.

ஏப்ரல் 18, இஸ்தான்புல்

கொண்டுவந்து விட்டோம். விட்டாலியும் நெலியும் நேற்றே திரும்பினார்கள், நான் சில நாள் இருந்து பழக்கிவிட்டு வருகிறேன் என்று நெலியின் அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறேன்.

பழக்க ஒன்றுமில்லை. கூடத்தில் வட்டமாக நாற்காலிகள், வட்டமாகப் பெண்கள், எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். வாசலில் நின்று கண்ணை மூடினேன். பழைய முற்றம்தான்.

சுல்தானா என்று எதிர்னே ஊர்க்காரி ஒருத்தி, தொண்ணூறு இருக்கும், அக்காவை வம்புக்கு இழுத்தாள். "இஸ்மீர்க்காரங்க பேசினா பாட்டுப் பாடற மாதிரி இழுக்கறீங்களே, ஏன்?"

"எங்களுக்குப் பாட்டாவது வருது. உனக்கு இருமல்தானே வருது" என்றாள் அக்கா.

கூடமே சிரித்தது, சுல்தானா உட்பட, இருமிக்கொண்டே.

ஏப்ரல் 20

காலையில் போனேன். சீட்டைக் கையில் விரித்துப் பிடிக்க முடியாததால் மரக்கட்டையில் பள்ளம் செய்து அதில் செருகிக் கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"நீ இன்னும் போகலையா?"

"இன்னைக்கு மத்தியானம் போறேன் அக்கா."

"போ, போ. வீட்டு ஜன்னலைத் திறந்து விடு. பூட்டிக் கெடந்தா நாறும்." பிறகு இடது கையால் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள், வலிக்கிற மாதிரி. சீட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் முகத்தில் தடவிக்கொள்ளக் கொலோன் கொடுத்தாள்.

மே 6

ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

மே 13

தொலைபேசியில் பேசினேன். செவிலி அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாளாம். நான் யார் என்று தெரியவில்லை.

"நல்லா பேசறியே பொண்ணு, எந்த ஊரு உனக்கு?"

"கராதாஷ்."

"அடடே! அங்க எனக்கு ஒரு சிநேகிதி இருந்தா."

"எப்படிப்பட்டவ?"

"நல்லவ. கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. ஆனா ஒண்ணு சொன்னா சொன்னபடி போய்ச் சொல்லுவா."

மே 22

இந்த வாரம் முழுவதும் நம் பேச்சில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று இன்று கத்தரிக்காய் நறுக்கும்போது உறைத்தது. கத்தரிக்காயிடம் பேசிப் பார்த்தேன். அசட்டுத்தனமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

ஜூன் 3, ஞாயிறு

மத்தியானம் அழைப்பு மணி. விட்டாலி. கையில் சூடாகப் போயோஸ் பலகாரப் பொட்டலம், எண்ணெய் காகிதம் தாண்டி வந்திருந்தது. நெலி எங்கே என்றேன். சினிமாவுக்குப் போயிருக்கிறாளாம், சிநேகிதிகளோடு. இடுப்பு நன்றாகிவிட்டதாம். அம்மாவைப் போன வாரம் பார்த்துவிட்டு வந்தானாம். நல்ல எடை போட்டிருக்கிறாளாம், சுல்தானாவோடு பேச்சுவார்த்தை இல்லையாம், சீட்டில் யார் ஏமாற்றினார்கள் என்று தெரியவில்லையாம்.

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தான். எதையோ சொல்ல வந்து சொல்லாமல் கோப்பையையே திருப்பிக்கொண்டிருந்தான்.

"என்னடா, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல சித்தி. வீட்டுல சத்தமே இல்ல." தலையைக் குனிந்துகொண்டான். "எனக்குப் புரியாது, தெரியும். அர்த்தமெல்லாம் வேண்டாம். சும்மா கொஞ்ச நேரம் அந்தப் பேச்சுல பேசறீங்களா?"

"என்னத்தைப் பேச?"

"எதையாவது."

முதலில் கூச்சமாக இருந்தது. பால்காரன் வராததைச் சொன்னேன், மேல்மாடிக்காரியின் தண்ணீர் கசிவதைச் சொன்னேன். அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை, மோரிஸின் கடைசி மாதத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு நாள் போகாமல் இருந்தது, கடற்கரையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டது, அது எவ்வளவு நன்றாக இருந்தது. மகளுக்குத் தெரியாது. ஜோயா அக்காவுக்குக்கூடத் தெரியாது. விட்டாலி "ம்" என்றான், சரியான இடத்தில். தவறான இடத்தில் ஒரு முறை சிரித்தான். அதற்கு நானும் சிரித்துவிட்டேன்.

வெயில் மேஜையை விட்டு இறங்கிப் போயிருந்தது.

கிளம்பும்போது, "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரட்டுமா சித்தி?" என்று கேட்டான்.

நான் நம் பேச்சிலேயே பதில் சொன்னேன். புரிந்தவன் மாதிரி தலையாட்டிவிட்டுப் படி இறங்கினான்.